சிமிழில் ஒரு பிடி மண்

வீட்டை விட்டுக் கிளம்பும்போது காரில் குடை மூன்று, தண்ணீர்ப் போத்தல் ஆறு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஐந்து, என் மாத்திரை டப்பா, மனைவியின் முழங்கால் தைலம், அவள் மடியில் ஒரு பித்தளைச் சிமிழ். ஆள் மூன்று. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். வேலையை விட்ட பிறகும் எண்ணுவதை விட முடியவில்லை. மகள் கார் ஓட்டினாள்.

பெயருக்கு அது ஒருநாள் சுற்றுலா. எங்கள் ஊர் ரெங்கத்திலிருந்து கோத்தா திங்கி பக்கம் போய் ஆற்றோரத்துப் பழைய கோட்டையையும், மூடிப்போன ஒரு ஈயச் சுரங்கத்தையும் பார்ப்பது. சாயங்காலம் மலைக்குப் போய்விட்டுத் திரும்புவது. உண்மையில் போனது அந்தச் சிமிழுக்காக.

மனைவி பிறந்து வளர்ந்தது அந்தச் சுரங்கத்தில். லம்பம் என்றுதான் இன்றும் சொல்வாள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு அப்பால், ஒரு ஜம்பு மரத்தடியில், மூன்று கல்லும் ஒரு சூலமுமாக முனியாண்டி இருந்தார். இடம் மாறிப் போகிறவர்கள் காவல் தெய்வத்தின் காலடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். போன இடத்தில் அந்த மண்ணைப் போட்டுக் கல் நட்டால் சாமியும் கூட வந்துவிட்டதாகக் கணக்கு. பிடிமண் என்பார்கள்.

லம்பம் மூடியபோது அவளுக்குப் பதினாறு வயது. சாமான் ஏற்ற வேண்டிய லாரி ஒரு நாள் முந்தியே வந்துவிட்டது. மழை வேறு. பிடிமண்ணை மாமியார் எடுத்திருப்பார் என்று மாமனார் நினைத்தார். மாமனார் எடுத்திருப்பார் என்று மாமியார் நினைத்தார். கோழிக்கூண்டுகூட லாரியில் ஏறியது. சாமி ஏறவில்லை. இருவரும் கண்ணை மூடும்வரை இதற்காகச் சண்டை போட்டார்கள். மாமியார் படுக்கையில் விழுந்த பிறகு என் மனைவியிடம் கேட்டதும் அந்த ஒரு பிடி மண்ணைத்தான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், வெற்றிலைக் கொடியருகே மனைவி ஒரு கல் நட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் சூடம் காட்டுவாள். ஆனால் விழுந்து கும்பிட மாட்டாள். “இன்னும் வெறுங்கல்லுதானே” என்பாள்.

கோட்டை என்றதும் மதில், பெரிய வாசல் என்று நான் கற்பனை செய்திருந்தேன். அங்கே இருந்தது புல் மூடிய நீண்ட மண்மேடு. அதற்குக் கீழே பழுப்பாக ஆறு.

“இதுக்கா இவ்வளவு தூரம்?” என்றாள் மனைவி.

“ராஜா இருந்த இடம்மா” என்றாள் மகள்.

“ராஜா எங்கே?”

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று இருவரையும் காருக்குள் ஏற்றினேன்.

சுரங்கத்துக்குப் போகும் மண்பாதை பாதியிலேயே முடிந்தது. அதற்கு மேல் சரிவு. மனைவியின் முழங்காலுக்கு ஆகாது. அவளுக்குத் துணையாக மகளை விட்டுவிட்டு, சிமிழையும் மகளின் கைப்பேசியையும் வாங்கிக்கொண்டு நான் இறங்கினேன். மனைவி தன் கைப்பேசியிலிருந்து வழி சொன்னாள்.

“தண்ணித் தொட்டி தெரியுதா?”

“ஒரு சிமெண்ட் சுவர் தெரியுது. மேலே மரம் முளைச்சிருக்கு.”

“அதான். மலையப் பாத்து நில்லுங்க. இடது கைப் பக்கம் லயம்.”

“லயம் இல்லை. லாலான் புல்லுதான் இருக்கு.”

“இருந்த இடத்துல நடங்க லா! எட்டுக் கதவு. கடைசிக் கதவு எங்களோடது. அதைத் தாண்டி ஜம்பு மரம்.”

ஒரு கதவுக்குப் பத்தடி என்று வைத்துக்கொண்டு நடந்தேன். ஆறாவது கதவு வரை தரை இருந்தது. அதற்கு மேல் குளம். ஈயம் தோண்டிய பள்ளம் கரையை அரித்து அரித்து லயத்துக்குள்ளேயே வந்திருந்தது. தண்ணீர் பச்சையாக, ஆடாமல் கிடந்தது. அவள் பிறந்த வீடும் ஜம்பு மரமும் மூன்று கல்லும் எந்த ஆழத்தில் இருக்கின்றனவோ.

“மரம் தெரியுதா?” என்றாள்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. வயதான காலத்தில் ஒரு பொய்யிலிருந்து தப்பினேன் என்று நினைத்தேன். குந்தி உட்கார்ந்து, தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு பிடி எடுத்துச் சிமிழை மூடினேன்.

மேலே வந்ததும் அவள் முதலில் சிமிழைத் திறந்து பார்த்தாள்.

“மண்ணு ஏன் இவ்வளவு ஈரம்?”

சொன்னேன். ஆறாவது கதவு வரைதான் தரை என்பதையும் சொன்னேன். மகள் என்னை முறைத்தாள். மனைவி முந்தானையால் சிமிழின் வெளிப்புறத்தைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மலைக்குப் போக வேண்டாம், வீட்டுக்குத் திரும்பலாம் என்றேன். “போலாம், மேலேருந்து ஒரு தடவை பாத்துடறேன்” என்றாள் அவள்.

உச்சி வரைக்கும் கார் போனது. கம்பி வேலியோரம் நாலைந்து இளைஞர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை. அதற்கு நடுவே குளங்கள். எண்ணினேன், ஏழு. நான் வேலை பார்த்த தோட்டமும் இப்படித்தான் ஏதோ ஒரு பச்சைக்குள் போய்விட்டது. அங்கே போய் ஒரு பிடி எடுக்க எனக்கு எந்த இடமும் தெரியாது.

“எதுங்க?” என்றாள்.

வளைந்த கரையை வைத்து, மூன்றாவதைக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கூப்பிட்டீங்களா?”

“யாரை?”

“அலமாக்! மண்ணு எடுக்கும்போது, வாங்க போலாம்னு கூப்பிடணும். கூப்பிடாம எப்படி வருவாரு? எங்கப்பா வீட்டுக்கே நீங்க கூப்பிட்டாதானே வருவீங்க!”

“நீ சொல்லலையே.”

“இதெல்லாமா சொல்லுவாங்க?”

அவள் தாய் தகப்பன் போட்ட சண்டையே மறுபடி தொடங்குவதுபோல் இருந்தது. திரும்பவும் சரிவில் இறங்க வெளிச்சம் இல்லை, என் காலிலும் தெம்பு இல்லை. அவளுக்கும் அது தெரியும். சிமிழை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கம்பியோரம் போய் நின்றாள்.

“அப்பா” என்று அழைத்தாள். முனியாண்டியையா, மாமனாரையா, நான் கேட்கவில்லை. “தெரியாம விட்டுட்டுப் போயிட்டோம். தண்ணிக்குள்ள இருந்தது போதும். வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

மகள் பக்கத்தில் போய் நின்று, “வாங்க, போலாம்” என்றாள். இளைஞர்கள் கைப்பேசியை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நானும் சொன்னேன்; மெதுவாகத்தான்.

காரின் முன் இருக்கையில் ஏறியதும் பழக்கத்தில் எண்ணினேன். “மூணு பேர். கதவு எல்லாம் சாத்தியாச்சா?”

பின்னாலிருந்து மனைவி, “நாலு” என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் குடைகளும் காலிப் போத்தல்களும் கிடந்தன. கையை நீட்டி ஒவ்வொன்றாக எடுத்து என் காலடியில் போட்டுக்கொண்டேன்.