நைனாவுக்குத் தெரியாத வாடை

நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவின் மூக்குக்கு எங்கள் தெருவில் தனி மரியாதை உண்டு. எண்ணூரில் கழிமுகத்துக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவே கிடக்கிற தெரு அது. காற்று திரும்பினால் வாடையும் திரும்பும். நைனா சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் காண்ட்ராக்டில் பைப் மாட்டுகிற வேலை பார்த்தவர். ஆகையால் வாசலில் நின்று ஓர் இழுப்பு இழுத்தாலே எது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவார். "இது உரம், கொஞ்ச நேரத்துல பூடும்" என்பார். "இது ரப்பரு, ஒண்ணும் பண்ணாது" என்பார். ஜனங்கள் அவர் பேச்சை நம்பி உலை வைக்கப் போவார்கள். டிவியில் சொல்லும் வானிலைக்கு எங்கள் தெருவில் அவ்வளவு மதிப்பு இருந்ததில்லை.

அந்த மூக்கு எனக்குத் தெரிந்து ஒரே ஒரு முறைதான் தோற்றது. தோற்கடித்தது ஒரு கிழங்கு.

சித்தப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். சித்தி பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அங்கே வீட்டுக்கு வீடு தோட்டம் போட இடம் இருந்ததாம். கல்யாணமாகி வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு ஒரு மஞ்சள் பை நிறையப் பூக்கிழங்குகளும் கொண்டுவந்தாள் என்று அம்மா கேலி செய்வாள். மீன் வருகிற தெர்மாகோல் பெட்டிகளில் மண் நிரப்பி, மொட்டை மாடியில் அவற்றை வளர்த்தாள். அனல் மின் நிலையத்திலிருந்து வந்து இலையில் படிகிற சாம்பலைத் தினமும் ஈரத் துணியால் துடைத்துவிடுவாள். நான் அவள் கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொரு கிழங்காகக் கையில் கொடுப்பேன். சின்ன வெங்காயம்போல மெல்லிய தோல் போர்த்தியிருந்தால் மழை லில்லி என்பாள். அடியில் குட்டிகளோடு கொத்தாக இருந்தால் சம்பங்கி என்பாள். மே மாதம் சிவப்புப் பந்தாகப் பூக்கிற கிழங்கை அதன் கனத்தை வைத்தே சொல்லிவிடுவாள். நைனாவுக்கு மூக்கு, சித்திக்கு விரல் என்று எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வித்தை.

ஒருமுறை சித்தப்பா ஹாலந்துப் பக்கத்துத் துறைமுகச் சந்தையிலிருந்து அவளுக்காக ஒரு பெரிய கிழங்கு வாங்கிவந்தார். கப்பலில் ஈரம் பட்டு, ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டு உரிந்துபோயிருந்தது. பெயர் கேட்டால் தலையைச் சொறிந்தார். "பூவு மணி மாதிரி கீழ பாத்து தொங்கும். அதுக்கு மேல குடுமி மாதிரி எல நிக்கும்" என்றார். சித்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையகலம் இருந்தது, தோலே கிடையாது, நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அவளுக்குப் பெயர் தெரியாத முதல் கிழங்கு அதுதான். மாதக்கணக்கில் குளிரில் தூங்கினால்தான் பூக்கும் என்று கடைக்காரன் சொன்னானாம். ஆகவே அதைச் செய்தித்தாளில் சுற்றி, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் கடைசியில் வைத்துவிட்டுச் சித்தப்பா மறுபடியும் கப்பலேறினார்.

சித்தி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முன் ஒருமுறை உண்டாகி நிலைக்கவில்லை. அதனால் வீட்டில் எல்லோருக்கும் நெஞ்சில் பயம். அவள் இருமினால்கூட அம்மா அடுப்பை விட்டு ஓடிவருவாள். சித்திக்குத் தாய் கிடையாது, பெரம்பூரில் அண்ணன் குடும்பம்தான். எனவே பிரசவத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வது, அம்மா பார்த்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்குக் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. அம்மா மீன்குழம்புச் சட்டி கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று அதைக் காய்கறித் தட்டில் திணித்து அழுத்தி வைத்தாள். ஐஸ் கிடைக்குமா என்று நான் பத்துத் தடவையாவது ஃப்ரிட்ஜைத் திறந்து மூடியிருப்பேன். வெயிலுக்கும் சாம்பலுக்கும் பயந்து ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தோம். மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரத்தில் வாடை கிளம்பியது. பூனை மூத்திரத்தையும் கருகின வயரையும் கலந்தது போன்ற ஒன்று. இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த நைனாவை அம்மா உலுக்கி எழுப்பினாள்.

"இன்னாங்க, இன்னா வாடை இது?"

நைனா எழுந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். "உரம் இல்ல" என்றார். இன்னொரு தடவை இழுத்தார். "கந்தகமும் இல்ல. சிலிண்டரும் இல்ல." மூன்றாவது தடவை இழுத்தபோது அவர் முகம் மாறியது. "தெர்லியே" என்றார்.

நைனா வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் கேட்டதே இல்லை. அம்மா துண்டுகளைக் குடத்தில் முக்கி ஆளுக்கொன்று கொடுத்தாள். வாயு கசிந்தால் மூக்கில் ஈரத் துணி, காற்று வருகிற திசையைப் பார்த்து ஓட்டம். எங்கள் தெருக் குழந்தைகளுக்கு இதெல்லாம் பல் தேய்க்கிற மாதிரிப் பழக்கம். ஆனால் சித்தியால் ஓட முடியாதே. எதிர்வீட்டு அண்ணன் மீன்பாடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணி, ஓரமா கெட்டியா புட்ச்சிக்க" என்று அவளை ஏற்றி மிதித்தார். நைனா பின்னாலிருந்து தள்ளினார். நைனாவின் மூக்கே ஓடுகிறது என்றால் அப்புறம் யார் நிற்பார்கள். தெருவே எங்கள் பின்னால் வந்தது. அம்மா ஒரு கையில் என்னையும் மறு கையில் இட்லிப் பானை மூடியையும் பிடித்துக்கொண்டு ஓடினாள். மூடியை ஏன் எடுத்தாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கடற்கரைக்கு வந்ததும் முதலில் சித்தியைத்தான் பார்த்தோம். அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, ஈரத் துண்டுக்கு மேலே கண்களை மட்டும் பெரிதாகத் திறந்து வைத்திருந்தாள். குழந்தை அசைகிறதா என்று அம்மா கேட்டாள். சித்தி உள்ளங்கையை வயிற்றில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டு மீன்கார அக்காதான் மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்தாள். "எங்க வூட்ல ஒரு வாடையும் வர்லியே. நீங்க ஓடறத பாத்துட்டுதான் நாங்க ஓடியாந்தோம்." அப்படியே ஒவ்வொருவராகச் சொன்னார்கள். யார் வீட்டிலும் இல்லை, எங்கள் வீட்டில் மட்டும்தான்.

சித்தி மெதுவாகத் துண்டை இறக்கினாள். "மாமா, ஃப்ரிட்ஜுல அந்தப் பேப்பர் பொட்லத்தப் பாருங்க" என்றாள்.

நைனா முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டி, செய்தித்தாளில் நசுங்கிய கிழங்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். குழம்புச் சட்டி அதைக் கூழாக்கியிருந்தது. கிட்டத்தில் வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. பிறகு சிரித்தார்கள். உயிர் பிழைத்த சிரிப்பு, அடக்க முடியவில்லை. "மாமு, வெங்காயத்துக்கா இந்த ஓட்டம்" என்று எதிர்வீட்டு அண்ணன் மணலில் உருண்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் குழந்தை உதைத்தது. சித்தி அம்மாவின் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். அம்மா பானை மூடியைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். நைனா கிழங்கைக் கழிமுகத்துத் தண்ணீரில் வீசினார். ஆசை ஆசையாக வந்த கிழங்கு, ஆனாலும் சித்தி தடுக்கவில்லை.

இப்போது எனக்கு அதன் பெயர் தெரியும். ஃப்ரிட்டில்லேரியா என்ற லில்லி இனத்துச் செடியில் ராஜாவின் கிரீடம் மாதிரிப் பூக்கிற வகை. தோலில்லாத கிழங்கு, நடுவில் ஓட்டை, நரி வாடை, மூன்றும் ஒத்துப்போகின்றன. அந்த வாடைக்கு எலி அண்டாது என்று வெளிநாட்டில் வேலியோரம் நடுகிறார்களாம். எங்கள் வெக்கையில் அது எப்படியும் பூத்திருக்காது. தம்பியும் நல்லபடியாகப் பிறந்தான். இப்போது என்னைவிட உயரம்.

பிறந்தது பெரம்பூரில். அது முடிவானது அன்றைக்குச் சாயங்காலம்தான்.

வீட்டுக்கு வந்ததும் நைனா ஜன்னல்களை எல்லாம் விரியத் திறந்தார். கிழங்கு வாடை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போக, வெளிக்காற்று உள்ளே வந்தது. நைனா நெஞ்சு நிறைய இழுத்தார். "ஒண்ணுமில்ல, டெய்லி வர்றதுதான்" என்றார். எங்களுக்கு அப்பாடா என்று இருந்தது. நானும் அவரைப் போலவே இழுத்துவிட்டேன்.

சித்தி மட்டும் துண்டை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அவள் அம்மாவைப் பார்த்து, "அக்கா, நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன்" என்றாள்.

"நான் பாத்துக்க மாட்டேனா?" என்றாள் அம்மா.

"உன்ன சொல்லலக்கா" என்று சித்தி திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கெழங்கதான் நைனா தூக்கிப் போட்டுச்சே சித்தி, அப்பறம் இன்னாத்துக்குப் போற?" என்று கேட்டேன். நைனா எழுந்து, திறந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார். கரண்டும் இல்லாமல் இந்தப் புழுக்கத்தில் இவர் ஏன் சாத்துகிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.