கைவிசேஷமாக வந்த ஜெர்மன் நோட்டு

சித்திரை வருடப்பிறப்பன்று நல்ல நேரம் பார்த்துப் பெரியவர்கள் பிள்ளைகளின் கையில் வைக்கும் முதல் காசுதான் கைவிசேஷம். அது செல்லாத காசாகிவிட்டால் அந்த வருடமே உருப்படாது என்பது அம்மாவின் கட்சி. நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம், ஜெர்மனியிலிருந்து வந்து எங்கள் ஊரான பியர்பொன்ட்ஸில் வீட்டு பேஸ்மென்டில் தங்கியிருந்த மாமா, சொல்லிவைத்தாற்போல் அதைத்தான் செய்தார்.

வெற்றிலையோடு அவர் எனக்குத் தந்தது ஒரு பழைய ஜெர்மன் நோட்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு தடித்த மனிதர் கோட்டுக்குள் பன்றித் தொடையை ஒளித்துக்கொண்டு ஓடினார்; பின்னால் ஓர் ஒல்லிப் பொலிஸ்காரர். எங்கள் நோட்டில் மகாராணி ஆடாமல் அசையாமல் இருப்பார். காசில் கள்ளனைப் போடுவார்களா? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“செம்பு, நிக்கலெல்லாம் முதலாம் உலகச் சண்டைக்குப் போயிட்டுது பிள்ளை. சில்லறை இல்லை. பேந்து ஒவ்வொரு ஊரும் தானே நோட்டு அடிச்சுது. பஞ்சத்திலை ஆர் இறைச்சி பதுக்கினதெண்டு படமும் கீறிவிட்டவை,” என்றார் மாமா.

அதற்குள் அம்மா ஐந்து டொலருடன் மாமாவிடம் வந்துவிட்டார். “தம்பி, இதை மாத்திக் குடு. நல்ல நாளிலை ஆரும் செல்லாக் காசு குடுப்பினமே?”

அம்மாவுக்கு அவர்மீது ஏற்கெனவே கோபம். ஜெர்மனியில் பக்கத்து நகரத்தில் இருந்த பெரியம்மா இறந்தபோது மாமா செத்தவீட்டுக்குப் போகவில்லை. அதை அம்மா சொல்லிக்காட்டாத வாரமில்லை. அப்போதெல்லாம் மாமா பேஸ்மென்டுக்கு இறங்கிப் போய்விடுவார்.

நான் நோட்டை விடவில்லை. “இதைப் பியர்பொன்ட்ஸிலை அடிச்சிருந்தா பக்கத்து ஊர் டொலார்ட் முருகன் கோயில் உண்டியலிலை போடலாமோ மாமா?”

“ஏலாது. ஊர் எல்லையைத் தாண்டினா வெறுங் கடதாசி.” சிரித்தவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். “எனக்கும் அங்கை அப்பிடித்தான் அக்கா. அகதி வழக்கு முடியுமட்டும் அந்த மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. எழுதிக் கேட்டனான். அனுமதி வரேக்கை பெரியக்காவின்ரை எட்டாம் நாள் எட்டுச்செலவும் முடிஞ்சுபோச்சு.”

அம்மா ஐந்து டொலரை மேசையில் போட்டார். என் விரல்களை மடித்து அந்த நோட்டை மூடிவிட்டார். பிறகு மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

என் காசு செல்லாது என்றுதான் அழுகிறார் என நினைத்தேன். “பரவாயில்லை அம்மா, எனக்கு இது காணும்,” என்றேன். அழுகை இன்னும் கூடியது. இத்தனை சின்ன நோட்டுக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது.