நான் அணைத்து வைத்த சோதனை

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். திண்டுக்கல் நாகல் நகரில், மாடியறை ஒன்றில் இயங்கிய சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஊரிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு மென்பொருள் வடிவமைக்கும் பொறுப்பு எனக்கு. டாக்டர் எழுதும் மருந்து விவரத்தை அது வார்டுக்கு அனுப்ப வேண்டும்.

மென்பொருளை எழுதத் தொடங்கும் முன், எந்தத் தகவல் எங்கே போகவேண்டும் என்று கட்டங்களும் கோடுகளுமாகக் கம்ப்யூட்டரில் வரைவோம். அந்தப் படத்தில் தப்பிருந்தால் தானாகவே கண்டுபிடித்துச் சொல்ல ஒரு புரோகிராம் உண்டு. தொட்டதற்கெல்லாம் குறை சொல்லும். அன்றைக்கும் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். அதில் ஒன்று, 'ரத்து' என்ற கட்டத்திலிருந்து வெளியே போக எந்தக் கோடும் இல்லை என்றது. ரத்தான பிறகு எங்கே போவதாம் என்று எரிச்சல்பட்டு, அந்தச் சோதனையையே அணைத்துவிட்டேன்.

மென்பொருள் ஓடத் தொடங்கி மூன்றாவது வாரம், காலையில் வார்டு நர்ஸ் போன் செய்தார். "செத்த வந்துட்டுப் போங்க மேடம்."

சாணார்பட்டிப் பக்கத்துப் பூ விவசாயி ஒருவர் அங்கே படுத்திருந்தார். முன்பு ஒருமுறை ஓர் ஊசியால் மூச்சுத் திணறி அவர் பிழைத்ததே பெரிது என்று மனைவி சொல்ல, தான் எழுதியிருந்த அதே ஊசியை டாக்டர் முந்தின நாள் மாலை ரத்து செய்திருக்கிறார். 'ரத்து' கட்டத்திலிருந்து கோடு இல்லாததால் அந்தச் செய்தி வார்டுக்கு வரவேயில்லை. காலைப் பட்டியலில் அதே ஊசி. பணிக்கு வந்த அந்த நர்ஸ் சிரிஞ்சில் மருந்தை ஏற்றிக்கொண்டு, அவர் கையைத் துடைத்திருக்கிறார்.

"ஏம்மா, நேத்து டாக்டரு வேணாம்னாரே, அந்த ஊசியா இது?" என்று மனைவி கேட்டதால் உயிர் தப்பியது.

நான் போனபோது, மருத்துவமனை மேலாளர் நர்ஸிடம் விளக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர்ல இருந்துச்சு சார், அதை நம்பித்தான்..." என்று அந்தப் பெண் அழுதார். பேசாமல் இருந்துவிட என்னால் முடிந்திருக்கும். சில நொடிகள் அப்படித்தான் நின்றேன், ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. பிறகு வாய் திறந்து, "அவங்க மேல தப்பில்ல சார். தப்பு கண்டுபிடிக்கிற புரோகிராம் முன்னாடியே எச்சரிச்சுச்சு, நான்தான் கண்டுக்கல" என்றேன்.

அந்த வேலை எங்கள் கையை விட்டுப் போனது. என் முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அன்று மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் அந்த விவசாயியின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "எங்களுக்கு இந்தக் கம்ப்யூட்டரு ஒண்ணும் தெரியாதும்மா. தெரிஞ்ச நீங்கதானே பாக்கணும்?" என்றார்.

இருபது வருடமாகப் போகிறது. என் வேலையை ஒருபோதும் பார்க்கப்போகாத யாரோ ஒருவரின் உயிர் அதில் இருக்கலாம் என்பதை அந்த ஒரு கேள்விதான் எனக்கு இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.