மனைவி வெளியே இருந்த கோயில்கள்

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், மொன்றியலிலிருந்து கம்போடியாவுக்குக் கோயில் பார்க்கப் போவதென்று நானும் மனைவியும் முடிவு செய்தபோது, என் விருப்பம் ஒன்றாகவே இருந்தது. அங்கே காட்டுக்குள் ஓர் ஆறு உண்டென்றும், முற்காலத்தவர் அதன் படுகையில் இலிங்கங்களைச் செதுக்கியிருக்கிறார்கள் என்றும், அவற்றின் மேல் நீர் இரவும் பகலும் ஓடுகிறதென்றும் அறிந்திருந்தேன். குருக்களும் குடமும் இல்லாமல் ஓயாது நடக்கும் அபிடேகம். அதன் கரையில் நின்று ஒரு பதிகமாவது பாடிவிட வேண்டும். மொன்றியலை அடுத்த புரோசார்ட்டில் பயண முகவராக இருந்த கம்போடியக் கெமர் மனிதர் ஒருவர் எங்களைத் தம் குழுவில் சேர்த்து, வழிகாட்டியாகத் தாமே கூட வந்தார்.

முதல் நாள் காலை, நான் குளித்துக்கொண்டிருந்தபோது விடுதி அறைக்கு மகள் தொலைபேசியில் அழைத்திருக்கிறாள். மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் வாழ்ந்த என் பெரியப்பாவின் மகன் காலமாகிவிட்டார். அங்கே எனக்கு முதல் வேலை எடுத்துத் தந்தவர் அவர்தான். எங்கள் வழக்கில் பங்காளியின் துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, கணவனுக்கும் மனைவிக்கும் பொது. அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கோயிலுக்குள் போகலாகாது. ஆனால் செய்தி காதில் விழும்வரை துடக்கு இல்லை. கேட்டவர் மனைவி, கேளாதவன் நான். அந்த ஆறுவரை நான் கேளாதவனாகவே போய்ச் சேரட்டும் என்று அவர் தமக்குள் முடிவு செய்துகொண்டார். இதெல்லாம் எனக்குப் பின்னரே தெரியவந்தது.

அன்று முதற்கோயிலின் வாசலில் அவர் ஒரு கல்லில் அமர்ந்துவிட்டார்.

"இஞ்சருங்கோ, முழங்கால் ஏலாமல் கிடக்கு. நீங்கள் போட்டு வாங்கோ."

"பிளேனால இறங்கேக்க நல்லாத்தானே நடந்தனீர்?"

"அது பிளேன். இது படி."

நான் போனேன். மூலவர் இல்லாத கருவறைகளில், வெறும் ஆவுடையாரின் முன் நின்று பாடினேன். செந்நிறக் கல்லில் இராவணன் கயிலையை அசைக்கும் சிற்பத்தைக் கண்டபோது கண் நிறைந்தது. வெளியே வந்து ஒவ்வொன்றையும் அவருக்கு விவரிப்பேன். இராவணனின் முகங்கள் எல்லாம் தெரிகிறதா, நந்தி தலை உடையாமல் இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்பார்.

ஏரியில் மிதக்கும் வீடுகளைப் பார்க்கப் போன நாளில் மட்டும் எல்லோருக்கும் முன்னே போய்ப் படகின் முனையில் அமர்ந்தார். எனக்கு அது புதிராக இருந்தது.

கடைசி நாள் ஆற்றுக்குப் புறப்பட்டோம். வேரும் பாறையுமாக ஏறும் காட்டுப் பாதை. மனைவி வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். பாதிவழியில் மூச்சிரைத்து நின்றவன் நான்தான்.

"மிசியே," என்றார் வழிகாட்டி, பிரெஞ்சில். "மதாமின் முழங்காலைக் கொஞ்சம் இரவல் வாங்குங்கள்."

அருவியருகே எல்லோரும் இளைப்பாறினோம். இலிங்கங்கள் அதற்கு மேலே, சிறிது தூரத்தில் இருந்தன. குழு புறப்பட்டபோது மனைவி எழவில்லை.

"வாருமன். இன்னும் கொஞ்சம்தானே."

"நீங்கள் போய்க் கும்பிட்டிட்டு வாங்கோ."

"முழங்கால் எண்டு மட்டும் சொல்லாதேயும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "போட்டு வாங்கோ. பேந்து சொல்லுறன்."

படகிலும் மலையிலும் நோகாமல், கோயில் வாசல்களில் மட்டும் நொந்த முழங்கால். யாரோ போய்விட்டார்கள் என்று அப்போதுதான் விளங்கிற்று. யாரென்று கேளாமல் மேலே ஏறியிருந்தால் வழக்கம் என்னைத் தடுத்திராது. அதற்காகவே அவர் அத்தனை நாளும் அதைத் தனியே சுமந்திருக்கிறார். நான் அவர் பக்கத்தில் அமர்ந்தேன்.

"ஆர்?"

"கேளாதேங்கோ. இவ்வளவு தூரம் வந்திட்டியள்."

"ஆரெண்டு சொல்லும்."

"உங்கட அண்ணை மோசம் போட்டார். நித்திரையிலயாம். ஒரு நோவும் இல்லையாம்." அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதார். நானும் அழுதேன்.

நான் மேலே போகவில்லை, பாடவுமில்லை. இலிங்கங்களின் மேல் ஓடிய நீர் எங்கள் முன்னே அருவியாய் விழுந்துகொண்டிருந்தது. அதைத் தொடலாமோ என்று மனைவி தயங்கிக் கேட்டார்.

"செத்தவீட்டுச் செய்தி கேட்டால் தோயத்தானே வேணும்," என்றேன்.

சேலையோடு அவர் இறங்க, கைபிடித்து நானும் இறங்கினேன். தலை மூழ்கி எழுந்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

"குளிருதே?"

"மொன்றியலில, சென்ட் லோரன்ட் தெருவில தை மாதப் பனிக்குள்ள பஸ்சுக்கு நிண்டனான். இது ஒரு குளிரே? இன்னொருக்கா மூழ்கும்."