ஐந்தாவது துண்டில் நின்ற சொல்

அலுமினியக் காசு ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஊதினால் நகரும், அவ்வளவு லேசு. போலந்து நாட்டு ஐம்பது காசு. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று கடலூர் செம்மண்டலத்தில் மாடிவீடும் ஏழு லாரியுமாக இருக்கிறேன். எவன் தயவிலும் வந்ததில்லை. ஆனாலும் இந்தக் காசைக் கையில் எடுக்க எனக்குத் தைரியம் போதாது.

அறுபதுகளில் கடலூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் கரைக்கு வராமல் கடலிலேயே நிற்கும். சரக்கை இறக்கிவரும் படகில் நான் கூலி. படகுக்குத் தலைவர் சரங்கு மாமா. போலந்துக் கப்பல் மாலுமி ஒருவன் இந்தக் காசை அவரிடம் கொடுத்து அதன் பெயரைச் சொன்னான். ஒரு முழ நீளம். விரல் மடக்கி ஏழு துண்டாக உடைத்துக் காட்டினான்: பியெஞ்-ஜே-ஷெஞ்-சோ-க்ரோ-ஷூஃப்-கா. கடைசிக்கு முந்தின துண்டில்தான் அழுத்தம். எவ்வளவு நீளமான சொல்லானாலும் அவர்கள் பாஷையில் பெரும்பாலும் அப்படித்தானாம். "நம்ம ஏலேலோவுக்குன்னே செஞ்ச வார்த்தடா இது!" என்றார் மாமா. அன்றிலிருந்து அதுவே எங்கள் இழுவைப் பாட்டு. கப்பலிலிருந்து பெட்டி கயிற்றில் தொங்கி இறங்கும். ஆறாம் துண்டில் எல்லாரும் ஒன்றாக இழுத்து அதைப் படகுக்குள் திருப்புவோம். துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுக்கும் மாமா ஐந்தாவதை நீட்டிக்கொண்டே கடலைப் பார்ப்பார். அலை படகை உச்சிக்கு ஏற்றிப் பெட்டிக்குக் கிட்டே கொண்டுவந்த பிறகுதான் ஆறாவதை விடுவார்.

ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நான் சொல்றேன் மாமா. ஒங்களவிட எனக்குத்தான் சுத்தமா வருது" என்றேன்.

"வாய்க்கு வந்தா போதுமாடா? அலையப் பாத்து உடு" என்று சிரித்துவிட்டு, பெட்டி இறங்கும் இடத்தில் போய் நின்றார்.

மேலே அந்த மாலுமி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மெச்ச வேண்டுமென்று, கடலை விட்டுவிட்டு அவனைப் பார்த்தபடி ஏழையும் மணிமணியாகச் சொன்னேன். கைதட்டினான். படகோ அப்போது அலைப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. என் சொல்லுக்கு ஆட்கள் இழுத்தார்கள். அந்தரத்தில் நின்ற பெட்டி வீசி வந்து மாமாவைப் படகின் விளிம்போடு நசுக்கியது. கரை சேருமுன் மூச்சு நின்றுவிட்டது.

எல்லாரும் கடல்மேல் பழியைப் போட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. சிதம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இடுப்புப் பையிலிருந்த காசை மாமி என் உள்ளங்கையில் வைத்தார். "அந்தக் கப்பக்காரன் வார்த்த ஒனக்குத்தான் நல்லா வருதுன்னு சொல்லிக்கினே இருப்பாரு. நீயே வச்சுக்கப்பா" என்றார். வாங்கிக்கொண்டேன்.

நேற்று என் பேத்தி இழுப்பறையைக் குடைந்து காசை எடுத்துவிட்டாள். "இது பேரு என்னா தாத்தா?"

விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். ஐந்தாவதில் நின்றுவிட்டது.

"அப்புறம்?" என்றாள்.

படகு இன்னும் பள்ளத்தில்தான் இருக்கிறது.