சுண்டு எழும்பும் நாள்

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி வேலை. கட்டில் விரிப்புகளும் தலையணை உறைகளும் ஈரமாக ஒரு பக்கம் போய், சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுங்கி, மறுபக்கம் அட்டை போல விறைத்து வெளியே வரும். அந்த மறுபக்கம் அக்காவினுடையது. ஆவி பறக்கப் பறக்க இழுத்து, நாலாக, எட்டாக மடித்து அடுக்குவாள். பதினேழு வருடமாக இதுதான். சூட்டில் அவள் விரல் நுனிகளில் ரேகையே அழிந்துவிட்டது. வருகையைப் பதிய விரல் வைக்கும் இயந்திரம் வந்தபோது, அது அவளை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. எத்தனை முறை அழுத்தினாலும் சிவப்பு விளக்குதான்.

"நீ வந்திருக்கேன்னு மெஷினுக்கு நம்பிக்கை வரலம்மா" என்று மேற்பார்வையாளர் சிரித்தார். அவளுக்கு மட்டும் ஒரு கையெழுத்து நோட்டு வைத்தார். வீட்டில் இதைச் சொல்லி நாங்களும் சிரித்தோம். அப்போது அக்கா மகள் சுண்டு இருந்தாள்.

எங்களுடையது மருந்து சாப்பிடாத சபை. நோய் என்றால் ஜெபம் மட்டும்தான். பலவீனத்தில் யாராவது மருந்து எடுத்துவிட்டால், சபை நடுவே எழுந்து நின்று, செய்தது தப்பு என்று மனதார அறிக்கை செய்ய வேண்டும். அதற்குப் பிறகே ஞாயிறு ஆராதனையில் பகிரும் அப்பத்தில் கை வைக்கலாம். மறைத்து வைத்திருப்பவர்கள் ஆண்டவருடைய வருகையில் கைவிடப்படுவார்கள். வருகை எப்படி இருக்கும் என்பதும் எங்களுக்குப் பால்குடி மறந்த நாளிலிருந்தே தெரியும். எக்காளம் கேட்கும். முதலில் கல்லறைகள் திறக்கும். விசுவாசத்தில் கண்மூடியவர்கள் எழுந்து போவார்கள். அவர்கள் பின்னாலேயே உயிரோடிருக்கும் நாங்கள், கண் இமைக்கும் நேரத்தில், புது உடம்போடு. மற்றவர்கள் எல்லாம் கீழே.

அந்த 'மற்றவர்கள்' என்ற வார்த்தை எங்கள் வீட்டில் அக்காவின் புருஷனான மச்சானைக் குறித்தது. அவர் தொலைதூர லாரி ஓட்டுபவர். சபைப் பக்கம் வரமாட்டார்.

"நீங்கல்லாம் மேலே பறந்துட்டா ரோடு காலியா இருக்கும். ஹாரனே அடிக்காம ஓட்டுவேன்" என்பார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. அன்னிக்கு உங்களுக்கு டீசல் போட ஆள் இருக்காது" என்பாள் அக்கா.

"டீசல் போடுறவன் எங்கேயும் போகமாட்டான்டி. அவனை எனக்குத் தெரியும்."

சுண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, நான் மேலேருந்து கை காட்டுறேன்ப்பா" என்பாள். அவளுக்கு யார் கையையும் முழுதாகப் பிடிக்கத் தெரியாது. ஒற்றைச் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு நடப்பாள். அதனால்தான் அந்தப் பெயர். கூட்டம் என்றால் பயம். அப்போது அந்த விரல் வலிக்கும்படி இறுக்குவாள்.

நாலு வருடத்துக்கு முன்பு, ஏழு வயதில், அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மச்சான் லாரியோடு எங்கோ தூரத்தில் இருந்தார். சபை மூப்பர் வந்து ஜெபித்தார். அம்மா உபவாசம் இருந்தாள். நானும் அக்காவும் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தோம். ஐந்தாம் நாள் மச்சான் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஆறாம் நாள் காலை அவளை ஒரு வெள்ளை விரிப்பால் மூடினார்கள். விரிப்பின் மடிப்புக் கோடுகள் நேராக இருந்தன. அது அக்கா மடித்தது.

மச்சான் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, தன் சாவியை மேஜைமேல் வைத்தார். "உங்க ஆண்டவர் வரட்டும். நான் வரமாட்டேன்" என்றார். போனவர் போனவர்தான்.

அதன் பிறகு அக்கா முன்னைவிட ஒழுங்காகச் சபைக்கு வந்தாள். ஆனால் அப்பம் பிட்கும் ஞாயிறுகளில் ஒன்றைக் கவனித்தேன். தட்டு வரும்போது ஒரு துண்டை எடுப்பாள். கை வாய்க்குப் போகும், தாடை அசையும். கை மட்டும் திறக்காது. கூட்டம் முடிந்ததும் முகம் கழுவும் இடத்துக்குப் போய், தண்ணீரில் அந்தத் துண்டைத் தேய்த்துத் தேய்த்துக் கரைத்துவிட்டு வருவாள். நாலு வருடமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

இந்த வருடம் ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, எங்கள் மாடிக்காரிக்கு, எதிர்பார்த்ததற்கு இரண்டு வாரம் முன்பே, வலி வந்துவிட்டது. அவளும் சபைதான், ஆஸ்பத்திரி கிடையாது. ஜெபவீட்டின் பின்னறையில்தான் பிரசவம். அவள் புருஷன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பின்னால் அம்மா, எதிர்வீட்டுச் சகோதரிகள் இரண்டு பேர், தாங்கித் தூக்கி ஓடினோம். ஜெபவீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகும்போதே எல்லார் கைப்பேசியும் அணைக்கப்பட்டு ஒரு கூடையில் விழும். கதவைச் சாத்திவிட்டால் முடியும்வரை வெளியே வரக்கூடாது.

மூன்றரைக்கு அக்கா வேலை முடிந்து வந்தாள். அவள் பார்த்ததைப் பிறகு என்னிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. என் செருப்பு, அம்மா செருப்பு, இரண்டும் வாசலில். தையல் மிஷினில் விளக்கு எரிந்தது. ஊசிக்குக் கீழே பாதி தைத்த சட்டைக் கை. அதன்மேல் என் மூக்குக்கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் நான் வாசல் படி இறங்கமாட்டேன் என்பது அக்காவுக்குத் தெரியும். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஓரத்துக் கிண்ணத்தில், தண்ணீருக்குள், அம்மாவின் பல்செட் சிரித்தபடி கிடந்தது. பல் இல்லாமல் தபால்காரர் முன்னால்கூட அம்மா வரமாட்டாள்.

அக்கா அந்தப் பல்செட்டையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். புது உடம்புக்குப் பல்செட் எதற்கு? கண்ணாடி எதற்கு?

மாடிக்கு ஓடினாள், கதவு திறந்திருந்தது, ஆள் இல்லை. எதிர்வீட்டிலும் அப்படியே. எனக்கு அடித்தாள், அம்மாவுக்கு அடித்தாள், மூப்பர் மனைவிக்கு அடித்தாள். எல்லாம் அணைந்திருந்தது. தெருமுனையில் ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். சபைக்கு வராதவர். அவர் மட்டும் இருந்தார்.

குழந்தை பிறந்த பிறகு, ஐந்து மணிக்கு, கண்ணாடியை எடுக்க வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் அக்காவின் பை கிடந்தது. சாப்பாட்டு டப்பா உருண்டு சுவரோரம் நின்றிருந்தது.

"உங்க அக்கா பஸ் டிப்போ பக்கம் ஓடினாங்க. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கல. உடம்பு சரியில்லையா?" என்றார் காற்றடிப்பவர்.

டிப்போவுக்கு அந்தப்பக்கம் கல்லறைத் தோட்டம். நானும் ஓடினேன்.

காவல்காரர் கேட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஆளா உள்ளே இருக்கிறது? வந்ததும் வராததுமா, எந்தக் கல்லு திறந்திருக்குன்னு கேக்குது. சும்மா திறக்க முடியுமாம்மா? ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணும், ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும்னேன். அதுக்கு அந்தம்மா, 'இன்னிக்கு யாரும் எழுதிக் கொடுக்க வேணாம்'னு சொல்லுது. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அக்கா சுண்டுவின் கல்லறை ஓரத்தில், வேலைச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். சிமென்ட் பலகையின் விளிம்பை ஒட்டி ஒரு முழ நீளத்துக்கு மண் கிளறப்பட்டிருந்தது. அவள் நகங்களில் மண்ணும் ரத்தமும். பலகை அசையாமல் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"நீயும் போகலையா?" என்றாள்.

"யாரும் போகலக்கா. மாடிக்காரிக்குப் பிள்ளை பிறந்திருக்கு. எல்லாரும் ஜெபவீட்டுலதான் இருக்கோம்."

"அம்மா?"

"அம்மாவும்தான். பல் இல்லாமயே ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டிருக்காங்க. வா, நீயே கேளு."

அவள் சிரிக்கவில்லை. பலகையைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"எல்லாரும் போயிட்டீங்க, நான் நின்னுட்டேன்னு தெரிஞ்சப்போ எனக்கு அழுகையே வரலடி. நான் நிப்பேன்னு எனக்கு முன்னாடியே தெரியும். இது திறந்திருந்தா போதும்னு ஓடிவந்தேன். இவ போயிருந்தா போதும், நான் எப்படிக் கிடந்தா என்ன? வந்து பார்த்தா மூடியிருக்கு. நீங்கல்லாம் போயிட்டீங்க, இவ மட்டும் போகல. ஒரு மணி நேரமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"அதான் ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சேக்கா."

"இன்னிக்கு இல்ல. நாளைக்கு வரும்ல? அன்னிக்கும் இது மூடியே கிடந்தா?"

பிறகுதான் சொன்னாள். காய்ச்சலின் மூன்றாம் நாள், ஒரு நர்ஸிடம் ஒற்றை மாத்திரை வாங்கி வந்திருக்கிறாள். பாதியைப் பொடித்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள். மறு பாதியைக் காகிதத்தில் மடித்துத் தலையணை உறைக்குள் வைத்தாள். மறுநாள் எடுக்கப் போனால் காணோம்.

"உறையை உதறிப் பார்த்தேன், கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். இல்ல. நான் வச்சதை ஆண்டவரே எடுத்துட்டாருன்னு நினைச்சேன். வேணாம்னு சொல்றாருன்னு பயந்துட்டேன். இல்லேன்னா அந்த நர்ஸ்கிட்டயே இன்னும் வாங்கியிருப்பேன். எல்லார் கண்ணையும் மறைச்சு ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போயிருப்பேன். அதோட நிறுத்திட்டேன்டி."

நான் அவள் கைகளைத் துடைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மூப்பரிடம் போனோம். அவருக்குப் பெயின்ட் கடை. டப்பாவைக் குலுக்கும் இயந்திரம் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதை நிறுத்தினார். நல்ல மனிதர். முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பிள்ளை எழும்புவாளா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் அக்கா.

"அது தெரிஞ்சா குடிச்சது, சகோதரி? பிள்ளைக்குக் கேள்வியே இல்ல. கொடுத்த கைக்குத்தான் கேள்வி."

"அப்போ எழும்புவா."

"எழும்புவா. நீங்களும் ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு அறிக்கை பண்ணிடுங்க. எல்லாம் சரியாயிடும்."

"தப்புன்னு சொல்லணுமா?"

"மனசாரச் சொல்லணும்."

அக்கா கடைத் தரையில் சிந்திக் காய்ந்திருந்த நீலத்தைப் பார்த்தாள். "மனசார வராதே. இப்ப கிடைச்சாலும் கொடுப்பேன். ஒண்ணு இல்ல, பத்து கொடுப்பேன். அங்கே நின்னு பொய் சொல்லச் சொல்றீங்களா?"

மூப்பர் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். "ஜெபம் பண்றேன்" என்றார். நாங்கள் வாசலைத் தாண்டியதும் இயந்திரம் மறுபடி ஆடத் தொடங்கியது.

அந்த ஞாயிறு அக்கா எழுந்து நிற்கவில்லை. அப்பத்தட்டு வந்தபோது, தொடாமல், எல்லார் கண்ணெதிரிலும் என் பக்கம் நகர்த்தினாள். நான் என் துண்டை எடுத்து வாயில் போட்டேன். நாலு வருடமாகப் போட்டது போலவே.

அன்று மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இங்கே வா. உன்கிட்டே ஒண்ணு ஒப்படைக்கணும்" என்றாள். "அன்னிக்கு அங்கே ஏகப்பட்ட கூட்டமா இருக்கும். அவளுக்குப் பயம். அம்மாவுக்கு வயசாச்சு, தேடமாட்டாங்க. நீதான் தேடணும். கண்டுபிடிச்சதும் கையை நீட்டாதே. சுண்டுவிரலை மட்டும் நீட்டு."

"அக்கா..."

"நான் ஏன் வரலன்னு கேப்பா. உங்கம்மாவுக்கு ஷிஃப்டுன்னு சொல்லு. அப்படிச் சொன்னா அழமாட்டா, அவளுக்குப் பழக்கம்தான்."

"அப்படில்லாம் பேசாதேக்கா."

"நீ சுத்தமா இருக்கே, அதனாலதான் கேக்குறேன். வேற யாரை நம்பி விட முடியும்? பிடிச்சுக்குவேன்னு சொல்லு."

தலையணை உறைக்குள் இருந்த அந்தப் பாதி மாத்திரையை எடுத்தது நான்தான். நாலாம் நாள் மதியம், வியர்வையில் நனைந்த உறையை மாற்றும்போது காகிதம் கையில் தட்டியது. அக்கா உபவாசக் கூடுகைக்குப் போயிருந்தாள். பிள்ளை அனலாகக் கொதித்தாள். கரண்டியில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கி, தண்ணீர் விட்டு, அவள் வாயில் ஊற்றினேன். காகிதத்தை அடுப்பில் போட்டேன். அக்காவுக்கு இது தெரியவேண்டாம், அவள் ரகசியம் அவளோடு, என்னுடையது என்னோடு போகட்டும் என்று நினைத்தேன். அந்தப் பாதியை அவள் தேடுவாள் என்று நினைக்கவில்லை.

சொல்லிவிட்டால், ஆண்டவர் அதை எடுக்கவில்லை, தன் தங்கைதான் எடுத்தாள் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். வீணாகப் பயந்து நிறுத்தினோம் என்று தெரிந்துவிடும். நானும் கீழேதான், பிள்ளையைத் தேட மேலே ஒருவருமே இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

அக்கா தன் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள். ரேகையில்லாத நுனி, விளக்கு வெளிச்சத்தில் வழவழப்பாக இருந்தது.

"இப்படி நீட்டணும். நீட்டு பாப்போம்."

நீட்டினேன். அவள் அதைப் பிடித்து, சுண்டு பிடிப்பது போல, வலிக்கும்படி இறுக்கினாள்.

"பிடிச்சுக்குவியா?"

"பிடிச்சுக்கறேன்க்கா" என்றேன்.