கலாவுக்கு வாங்கிய கோடிப் புடவை

வக்கீல் கலா இறந்துவிட்டாள். நேற்று விடியற்காலை... மாரடைப்பு.

'ஆழ்ந்த இரங்கல்' என்று கீழே வரிசையாகப் போட வேண்டாம். "அந்த மாதிரி பொம்பளை" என்று டீக்கடையில் அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் என் ஃபேஸ்புக் ஃபிரெண்ட்ஸ் லிஸ்டிலேயே இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும்.

நான் கோர்ட் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள். செங்கம் ரோட்டில் இருவருக்கும் ஒரே வீடு. ஹவுஸ் ஓனரிடம் சிநேகிதிகள் என்று சொல்லி வைத்திருந்தோம். வீட்டுக்குள் நாங்கள் ஒரு குடும்பம்.

பௌர்ணமி வந்தால் போதும், கிரிவலப் பாதையில் காசு கேட்கும் திருநங்கைகளை போலீஸ் அள்ளிக்கொண்டு போகும். கலா ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துவிடுவாள். "எந்த செக்ஷன் சார்? சொல்லுங்க, நானும் தெரிஞ்சிக்கிறேன்." அவர்களை வெளியே விடும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். பிடிவாதக்காரி.

பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று டெல்லி சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பு வந்த அன்று மைசூர்பாக்கோடு கடைக்கு ஓடி வந்தாள். "இனிமே நாம குற்றவாளிங்க இல்லடி!"

"குத்தம் இல்லனுதான சொன்னாங்க? சொந்தம்னு சொன்னாங்களா?"

"அதுக்கும் கேஸ் போடுறேன், இரு."

போடவில்லை... அதற்குள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் உடலை வாங்க ரத்த சொந்தம்தான் வேண்டுமாம். கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் அண்ணன் வந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு போன் செய்யாத அண்ணன். உடலை வேனில் ஏற்றினார், என்னை ஏற்றவில்லை. கோடிப் புடவை ஒன்று வாங்கிக்கொண்டு பின்னாலேயே பஸ்ஸில் போனேன். பச்சை... அவளுக்குப் பிடித்த கலர்.

குளிப்பாட்டியதும் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கோடி போட்டார்கள். நான் புடவையை நீட்டியதும் அண்ணன் கையை மறித்தார்.

"நீங்க எந்த முறையில கோடி போடுறீங்க? சிநேகிதினா மாலை போட்டுட்டு நவுந்துக்கோங்க."

"நான் அவ கூட வாழ்ந்தவ."

"பொணத்த வச்சிக்கினு அசிங்கமா பேசாதீங்க!" என்றார்.

அசிங்கமாம். வெட்கம் கெட்டவர்கள்.

புடவையைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

கோடி செத்தவருக்கு மட்டும் இல்லை. தாலி அறுத்தவளுக்கும் பிறந்த வீட்டார் கோடி போடுவார்கள். எனக்குப் போட ஒருத்தரும் வரப்போவதில்லை. நானே கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டுதான் இதை டைப் செய்கிறேன்.

நாளைக்கு இதே புடவையில் கடையைத் திறப்பேன். என்ன முறை என்று எவராவது வந்து கேளுங்கள், பார்க்கலாம்.

போய்ட்டு வாடி கலா...